வகுத்தா விடை ஏன் பெரிசாகுது? பின்ன வகுத்தலைக் கையில் கொடுத்துப் புரியவைக்கும் வழிகள்

ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். 3 ÷ ½ என்று ஒரு கணக்கு இருக்கும். அதற்குக் கீழே 3 × 2 = 6 என்று விடை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு ‘டிக்’. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இப்போது பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மூணை வகுத்தா ஆறு எப்படி வரும்? வகுத்தா குறையத்தானே செய்யணும்?”

பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். “மிஸ் அப்படித்தான் போடச் சொன்னாங்க” என்பது ஒன்று. “ரெண்டாவதா இருக்கிறதைத் தலைகீழா மாத்திப் பெருக்கணும், அவ்வளவுதான்” என்பது இன்னொன்று. இரண்டுமே கேள்விக்குப் பதில் இல்லை.

விடை சரியாக வருகிறதே, பிறகு என்ன என்று கேட்கலாம். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி பரீட்சை வரை தாங்கும்; அதற்கு அப்புறம் குழம்பத் தொடங்கும். எந்தப் பின்னத்தைத் திருப்புவது, முதலாவதையா, இரண்டாவதையா? பெருக்கல் கணக்கிலும் திருப்ப வேண்டுமா? கூட்டலில்? பின்ன வகுத்தலில் தடுமாறும் பிள்ளை அடுத்து விகிதம், சதவீதம், வேகம், இயற்கணிதம் என்று ஒவ்வொரு இடத்திலும் தடுமாறுகிறது. “கணக்கு எனக்கு வராது” என்று பல பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்வது இந்தப் பாடத்தை ஒட்டித்தான். இதைத் தவிர்க்கப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. பழைய செய்தித்தாள், ஒரு டம்ளர், கொஞ்சம் புளியங்கொட்டை போதும்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது?

வகுத்தலைப் பிள்ளைகள் முதலில் ‘பகிர்ந்து கொடுப்பது’ என்றுதான் கற்றுக்கொள்கிறார்கள். 12 மிட்டாய், 4 பேர், ஆளுக்கு எத்தனை? மூன்று. நல்ல தொடக்கம்தான். ஆனால் 3 ÷ ½ என்று வரும்போது இந்தப் படம் மனசில் உடைந்துவிடுகிறது. மூன்று மிட்டாயை அரை ஆளுக்கு எப்படிப் பகிர்ந்து கொடுப்பது?

வகுத்தலுக்கு இன்னொரு முகம் உண்டு. 12 இட்லி இருக்கிறது. ஒரு தட்டுக்கு 4 இட்லி வீதம் வைத்தால் எத்தனை தட்டு? இதுவும் 12 ÷ 4தான், விடையும் மூன்றுதான். ஆனால் இங்கே நாம் பகிரவில்லை, அளந்து அளந்து எடுக்கிறோம். ‘பன்னிரண்டில் நாலு எத்தனை தடவை இருக்கு?’ என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வி பின்னத்திலும் உடையாது. மூன்றில் அரை எத்தனை தடவை இருக்கிறது? ஆறு தடவை. எடுக்கும் அளவு சிறிதாகச் சிறிதாக, எடுக்கும் தடவை கூடுகிறது. விடை பெரிதாவதன் ரகசியம் இவ்வளவுதான்.

தமிழில் பேசும்போது இன்னொரு வழுக்கலும் உண்டு. “ஆறைப் பாதியாக வகு” என்றால் விடை 3. “ஆறைப் பாதியால் வகு” என்றால் விடை 12. ‘ஆக’, ‘ஆல்’ என்ற சின்ன வித்தியாசம் விடையை நாலு மடங்கு மாற்றிவிடுகிறது. வகுப்பில் வேகமாகச் சொல்லும்போது கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையின் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். எனவே முதல் சில நாட்களுக்கு ‘வகு’ என்ற சொல்லையே ஒதுக்கி வைத்துவிட்டு, “இதுல அது எத்தனை தடவை இருக்கு?” என்று மட்டும் கேட்பது நல்லது.

ஆசிரியர்களையும் வழுக்கிய கணக்கு

இது பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் இல்லை. லிபிங் மா என்ற கல்வி ஆய்வாளர் அமெரிக்க, சீனத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை ஒப்பிட்டு எழுதிய நூல் 1999இல் வெளிவந்தது. கணிதக் கல்வித் துறையில் இன்றும் பேசப்படும் நூல் அது. அதில் ஆசிரியர்களிடம் அவர் கொடுத்த கணக்குகளில் ஒன்று: 1¾ ÷ ½. முதலில் விடை கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இந்தக் கணக்குக்குப் பொருந்தும் ஒரு கதையோ சூழலோ சொல்ல வேண்டும்.

அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் 21 பேர் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். முழுமையாகச் சரியான விடைக்கு வந்தவர்கள் 9 பேர்தான். கதை சொல்வதில் நிலைமை இன்னும் மோசம். 16 பேர் சொன்ன கதைகள் தவறான புரிதலோடு இருந்தன. 6 பேரால் கதையே சொல்ல முடியவில்லை. அதிகம் பேர் செய்த தவறு எது தெரியுமா? ½ ஆல் வகுப்பதையும் 2 ஆல் வகுப்பதையும் போட்டுக் குழப்பிக்கொண்டது. ‘ஒன்றே முக்கால் பண்டத்தை இரண்டு பேருக்குச் சமமாகக் கொடு’ என்பதுபோன்ற கதைகள் அவை. நாம் மேலே பார்த்த ‘பாதியாக’, ‘பாதியால்’ குழப்பமேதான், மொழிதான் வேறு.

சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியான விடை சொன்னார்கள். அவர்களில் 65 பேர் சேர்ந்து 80க்கும் மேற்பட்ட கதைகள் சொன்னார்கள். அவர்கள் பெரிய பட்டங்கள் வாங்கியவர்கள் அல்ல. பள்ளிப் படிப்பின் ஆண்டுக் கணக்கில் அமெரிக்க ஆசிரியர்களைவிடக் குறைவாகப் படித்தவர்களே. தொடக்க நிலைக் கணக்கை ஆழமாகப் புரிந்துவைத்திருந்ததுதான் வித்தியாசம் என்பது லிபிங் மாவின் வாதம்.

இந்த 1¾ ÷ ½ கணக்கை நீங்களும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள். அதற்கு ஒரு கதை சொல்ல முடிகிறதா?

செயல்பாடு 1: தண்ணீரும் டம்ளரும்

2 லிட்டர் தண்ணீர், கால் லிட்டர் பிடிக்கும் ஒரு டம்ளர். எத்தனை டம்ளர் வரும் என்று ஊற்றுவதற்கு முன்பே பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகத்தைக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். அப்புறம் ஒருவர் ஊற்ற, மற்றவர்கள் எண்ண வேண்டும். எட்டு டம்ளர் வரும். அதே தண்ணீரை அரை லிட்டர் பாத்திரத்தால் அளந்தால் நாலு. ஒரு லிட்டர் பாத்திரத்தால் அளந்தால் இரண்டு.

மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்:

2 ÷ 1 = 2
2 ÷ ½ = 4
2 ÷ ¼ = 8

“பாத்திரம் சின்னதாக ஆக என்ன ஆகுது?” என்று கேட்டால், “தடவை ஜாஸ்தியாகுது மிஸ்” என்று பிள்ளைகளே சொல்வார்கள். அந்த வாக்கியம் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பாதிப் பலன் போய்விடும்.

செயல்பாடு 2: மடிக்கும் பட்டைகள்

செய்தித்தாளில் ஒரே நீளமுள்ள பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பட்டைதான் ‘ஒன்று’. வட்டமாக வெட்டிய ‘பீட்சா’, ‘தோசை’ப் படங்களைவிடப் பட்டை நல்லது. வட்டத்தை மூன்றாகவோ ஆறாகவோ சமமாக மடிப்பது கஷ்டம்; பட்டைகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவது சுலபம்.

ஒரு பட்டையை நாலாக மடித்து முக்கால் பங்குக்கு வண்ணம் பூசச் சொல்லுங்கள். இன்னொரு பட்டையை எட்டாக மடித்து ஒரு துண்டை மட்டும் வெட்டிக்கொள்ளட்டும். அந்தத் துண்டை முக்கால் மேல் வைத்து வைத்து நகர்த்தினால் சரியாக ஆறு தடவை பிடிக்கும். ஆகவே ¾ ÷ ⅛ = 6.

இப்போது முக்கால் பட்டையையும் எட்டாக மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கால் என்பது ⁶⁄₈ என்று தெரியும். “ஆறு எட்டில்-ஒன்றுகள் இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்தா எத்தனை தடவை? ஆறு.” இரண்டு பின்னங்களையும் ஒரே அளவுத் துண்டுகளாக மாற்றிவிட்டால் பின்னக் கணக்கு சாதாரண வகுத்தலாகிவிடுகிறது. பகுதி சமமானால் தொகுதியைத் தொகுதியால் வகுத்தால் போதும். திருப்பவே வேண்டாம். இது குறுக்குவழி அல்ல. முழுக்கச் சரியான முறை. பல பிள்ளைகளுக்குத் தலைகீழ் விதியைவிட இதுதான் முதலில் பிடிபடும்.

செயல்பாடு 3: மீதித் துண்டு வைக்கும் கண்ணி

இப்போது அந்த 1¾ ÷ ½ கணக்குக்கு வருவோம். ஒன்றே முக்கால் மீட்டர் ரிப்பன் இருக்கிறது. ஒரு பூ செய்ய அரை மீட்டர் வேண்டும். எத்தனை பூவுக்கு வரும்? ரிப்பனுக்குப் பதில் சணல் கயிறும் சரிதான்.

பிள்ளைகள் வெட்டுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. கையில் ஒரு துண்டு மிஞ்சும். அளந்து பார்த்தால் கால் மீட்டர். “மூணே கால் சார்!” என்று வகுப்பே கத்தும்.

விதிப்படி போட்டால் விடை ⁷⁄₄ × 2 = 3½. கயிறு பொய் சொல்கிறதா, கணக்கு பொய் சொல்கிறதா?

இங்கே அவசரப்படக் கூடாது. முழுப் பாடத்திலும் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்ளும் இடம் இதுதான். மிஞ்சிய துண்டைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்: “இது எத்தனை மீட்டர்?” கால் மீட்டர். “இது எத்தனை பூவுக்கு வரும்?” ஒரு பூவுக்கு அரை மீட்டர் வேண்டும், கையில் இருப்பது அதில் பாதி. அப்படியானால் அரைப் பூ. மீட்டரில் சொன்னால் கால், பூவில் சொன்னால் அரை. கணக்கு கேட்டது பூவை. ஆகவே விடை மூன்றரை.

‘எதில் கால்? எதில் அரை?’ என்ற கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, பின்னத்தில் பாதிக் கிணறு தாண்டிவிட்டது என்று சொல்லலாம். அதே பொருள் ஒரு முழுமைக்குக் காலாகவும் இன்னொரு முழுமைக்கு அரையாகவும் இருக்க முடியும் என்பது சொல்லிப் புரிகிற விஷயமல்ல. கையில் அந்தத் துண்டு இருந்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இதற்கு அடுத்து ½ ÷ ¾ கொடுத்துப் பாருங்கள். அரை லிட்டர் பால், முக்கால் லிட்டர் பிடிக்கும் பாத்திரம். “ஒரு தடவைகூட நிரம்பாதே!” ஆமாம், நிரம்பாது. ஆனால் எவ்வளவு நிரம்பும்? பாலில் இரண்டு கால் இருக்கிறது. பாத்திரத்துக்கு மூன்று கால் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும். விடை ⅔. பின்னத்தால் வகுத்தால் விடை எப்போதும் ஒன்றைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்று ஒரு புதிய தப்பு எண்ணம் முளைக்காமல் இருக்க இந்தக் கணக்கு அவசியம்.

செயல்பாடு 4: புளியங்கொட்டையும் தலைகீழியும்

சரி, அந்தத் தலைகீழ் விதி எங்கிருந்து வருகிறது? அதற்கு வகுத்தலின் பழைய முகத்துக்கே, பகிர்ந்து கொடுப்பதற்கே, திரும்பப் போக வேண்டும்.

ஒரு டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்ப 6 குடம் தண்ணீர் ஆனது. முழு டிரம்மும் நிரம்ப எத்தனை குடம் வேண்டும்? இது 6 ÷ ⅔ கணக்கு. 12 மிட்டாய் 4 பேருக்கு என்றால் ஒருவருக்கு எவ்வளவு என்று கேட்டோம் அல்லவா? அதேபோல, 6 குடம் மூன்றில் இரண்டு பங்குக்கு என்றால் ஒரு முழுசுக்கு எவ்வளவு என்று கேட்கிறோம்.

தரையில் சாக்பீசால் மூன்று கட்டம் போடுங்கள். அதுதான் டிரம். ஆறு புளியங்கொட்டை ஆறு குடம். மூன்றில் இரண்டு கட்டத்தில் அவற்றைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். கட்டத்துக்கு மூன்று வரும். மூன்றாவது கட்டத்திலும் மூன்று வைத்தால் மொத்தம் ஒன்பது. விடை 9.

இப்போது பிள்ளையின் கை என்ன செய்தது என்று திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் ஆறை இரண்டாகப் பிரித்தது. அப்புறம் மூன்றால் பெருக்கியது. இரண்டால் வகுத்து மூன்றால் பெருக்குவதும், ³⁄₂ ஆல் பெருக்குவதும் ஒன்றுதான். தலைகீழி தானாக வந்து நிற்கிறது. ‘திருப்பிப் போடு’ என்று யாரும் சொல்லவில்லை. புளியங்கொட்டை அப்படித்தான் நகர்ந்தது. சீன ஆசிரியர்கள் சொன்ன கதைகளில் பெரும்பாலானவை இந்த ‘முழுசுக்கு எவ்வளவு?’ வகையைச் சேர்ந்தவையே.

இந்த விதி நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. இரண்டாம் பாஸ்கரர் 1150ஆம் ஆண்டில் எழுதிய லீலாவதியில், வகுக்கும் பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் இடம் மாற்றிப் பெருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது.

பாட்டி அளந்த படி

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் ஒரு பரம்பரைச் சொத்தே இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அப்படியானால் உழக்கு என்பது கால் படி, ஆழாக்கு என்பது அரைக்கால் படி, அதாவது எட்டில் ஒரு பங்கு. “ரெண்டரைப் படி அரிசியில எத்தனை உழக்கு?” என்று கேட்டால், பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் “பத்து” என்று உடனே சொல்லிவிடுவார். அவர் போட்டது 2½ ÷ ¼.

பின்னங்களுக்கு நம்மிடம் இருக்கும் பெயர்களும் கணக்குச் சொல்லித்தருபவையே. ‘அரைக்கால்’ என்றால் காலில் அரை. பெயரிலேயே பெருக்கல் இருக்கிறது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடி வைத்து மனப்பாடம் செய்த மா (¹⁄₂₀), காணி (¹⁄₈₀), முந்திரி (¹⁄₃₂₀) ஆகியவையும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குபவை. ஒரு மாவில் நாலு காணி. ஒரு காணியில் நாலு முந்திரி. ‘ஒன்றில் மற்றொன்று எத்தனை?’ என்பது அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் கேட்கப்பட்ட கேள்வி. வீட்டில் பழைய படியோ உழக்கோ இருந்தால் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

வரிசை முக்கியம். அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் பொதுப் பாடத் தரநிலைகளில், ஐந்தாம் வகுப்பில் முழு எண்ணை ½, ¼ போன்ற பின்னத்தால் வகுப்பதும், அத்தகைய பின்னத்தை முழு எண்ணால் வகுப்பதும் மட்டுமே உள்ளன. பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது ஆறாம் வகுப்பில்தான் வருகிறது. நம் வகுப்பறையிலும் இந்த வரிசை உதவும். 2 ÷ ¼ முதலில். அப்புறம் ½ ÷ 4 (அரைப் பட்டையை நாலாக மடித்தால் துண்டு எட்டில் ஒன்று). பிறகு மீதி வராத ¾ ÷ ⅛. கடைசியாக மீதி வரும் 1¾ ÷ ½.

இரண்டாவது, கையால் செய்ததோடு விட்டுவிடக் கூடாது. செய்ததைப் படமாக வரைய வேண்டும். படத்தை எண்ணாக எழுத வேண்டும். செயல், படம், குறியீடு என்று ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் சொன்ன மூன்று படிகள் இவை. தண்ணீர் ஊற்றி விளையாடிவிட்டு நோட்டில் ஒன்றும் எழுதாமல் எழுந்துபோனால், பிள்ளைக்கு நினைவில் நிற்பது சட்டை நனைந்தது மட்டும்தான்.

மூன்றாவது, ‘ஒன்று’ எது என்பதை ஒவ்வொரு செயல்பாட்டின் தொடக்கத்திலும் பிள்ளைகளே சொல்லட்டும். இந்தப் பட்டைதான் ஒன்றா, இந்த டிரம்தான் ஒன்றா?

நான்காவது, கணக்குக்குக் கதை எழுதச் சொல்லுங்கள். “2 ÷ ⅓ வருகிற மாதிரி உங்க வீட்டுல நடக்கிற ஒரு விஷயம் சொல்லு” என்று கேட்டால் போதும். “ரெண்டு வாழைப்பழத்தை மூணு பேருக்கு...” என்று கதை ஆரம்பித்தால் குழப்பம் எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சரியான விடைக்குள் ஒளிந்திருக்கும் தவறான புரிதல், கதையில் மாட்டிக்கொள்ளும்.

“இதுக்கெல்லாம் நேரம் எங்கே சார் இருக்கு?”

நியாயமான கேள்வி. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பு, முடிக்க வேண்டிய ‘போர்ஷன்’, சில பள்ளிகளில் ஒரே ஆசிரியருக்கு இரண்டு மூன்று வகுப்புகள். விதியைச் சொல்லிக் கொடுக்க ஒரு பீரியட் போதும். மேலே சொன்னவற்றுக்கு நாலைந்து பீரியட் ஆகும்.

ஆனால் அந்த ஒரு பீரியட் உண்மையில் ஒரு பீரியடோடு முடிவதில்லை. ஏழாம் வகுப்பில் மறுபடி, எட்டாம் வகுப்பில் மறுபடி, ஒன்பதாம் வகுப்பில் ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற திட்டோடு மறுபடி. சேர்த்துப் பார்த்தால் எது அதிக நேரம் என்று தெரியும். கூட்டம் பெரிதாக இருந்தால் தண்ணீர்ச் செயல்பாட்டை முன்னால் ஒரே குழு செய்ய, மற்றவர்கள் ஊகித்து எழுதலாம். பட்டை மடிப்பதை நாற்பது பேரும் அவரவர் இடத்திலேயே செய்யலாம்.

கைச்செயல்பாடு மட்டுமே போதும் என்று சொல்வதும் தப்பு. ⁷⁄₉ ÷ ⁵⁄₁₁ கணக்கை எந்தப் பட்டையாலும் மடித்துக் காட்ட முடியாது. அங்கே விதிதான் வேண்டும். வேகமாகவும் பிழையில்லாமலும் போடப் பயிற்சியும் வேண்டும். விதி எதற்கு என்று தெரிந்த பிறகு அந்தப் பயிற்சியைக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

வீட்டில் என்ன செய்யலாம்?

கணக்கு தெரிந்த பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. மாவு கரைக்கும்போது, எண்ணெய் பாட்டிலை மாற்றும்போது, “இந்த ஒன்றரை லிட்டர் எண்ணெய் கால் லிட்டர் பாட்டில்ல எத்தனை பாட்டில் வரும்?” என்று கேளுங்கள். விடை சொன்னதும் உடனே சரி, தப்பு என்று சொல்லிவிடாமல், “ஊத்திப் பாத்துடுவோமா?” என்று கேளுங்கள்.

வீட்டுப்பாடம் செய்யும்போது ஒரு பழக்கம் ஏற்படுத்தினால் போதும். கணக்கைத் தொடுவதற்கு முன்னால், “விடை பெரிசா வருமா, சின்னதா வருமா? ஏன்?” என்று பிள்ளை ஒரு வரி சொல்ல வேண்டும். 3 ÷ ½ பார்த்ததும், “மூணுல அரை நிறைய தடவை இருக்கும்ப்பா, அதனால பெரிசா வரும்” என்று உங்கள் பிள்ளை சொல்லிவிட்டால், எந்தப் பின்னத்தைத் திருப்புவது என்ற சந்தேகம் இனி வராது. திருப்பியது தவறாக இருந்தால் விடை சின்னதாக வந்து நிற்கும்; பிள்ளையே அழித்துவிட்டு மறுபடி போடும்.